ரகேத்தகா அம்மாவுக்கு ஆளுக்கொரு கல்

வடகிழக்கு மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம். நம் அம்புஹிமேனா ஊர்த் தலைவருக்கு வணக்கம். போதகருக்கு வணக்கம். நீர்ப் பங்கீட்டுச் சங்கத்து அங்கத்தினர்களுக்கு வணக்கம். வலப் பக்கத்துப் பாயில் இருக்கிற அந்தனம்பாவ் ஊர்க்காரர்களுக்கு, அதாவது அம்மாவின் பிறந்த வீட்டாருக்கு, வணக்கம். இடப் பக்கத்துப் பாயில் இருக்கிற புகுந்த வீட்டாருக்கு வணக்கம். நடுவில் ஒரு பாய் காலியாகக் கிடக்கிறது. நேற்று இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து உட்கார மாட்டோம் என்று சொன்னதால் அது காலி. அந்தப் பாய்க்கும் ஒரு வணக்கம்.

பந்தலுக்கு வெளியே கறி வெட்டுகிறவர்கள் கத்தியைக் கொஞ்சம் மெதுவாகப் போடுங்கள். அம்மாவைப் பற்றிப் பேசும்போது எலும்பு உடைகிற சத்தம் வேண்டாம்.

பேசுவதற்கு முன்னால் பழியைத் துடைத்துவிட்டுப் பேசுவது நம் வழக்கம். இந்தச் சபையில் நான் மூத்தவன் இல்லை. மூத்தவர் இருக்க நான் வாய் திறப்பது, காளை கரையில் நிற்கக் கன்று ஆற்றில் இறங்கியது போல. படித்தவனும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மண் குழைத்துக் கொடுத்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. பேச்சு வளைந்து போகும். வாய்க்காலும் வளைந்துதான் போகிறது, வயலுக்குத் தண்ணீர் வந்து சேராமல் இல்லை. ஆகவே பழி என் மேல் வேண்டாம், பிழை இருந்தால் காற்றோடு போகட்டும்.

என்னை எதற்கு இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரகேத்தகா அம்மா, நம் நீர்ப் பங்கீட்டுச் சங்கத்தின் தலைவி, உள்ளே கிடத்தப்பட்டிருக்கிறார். அவரைச் சுற்றுவதற்குப் பிறந்த வீட்டார் ஒரு பட்டு கொண்டு வந்திருக்கிறார்கள். புகுந்த வீட்டாரும் ஒரு பட்டு கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தனம்பாவ் மேட்டில் ஒரு கல்லறை வாசல் திறந்து காத்திருக்கிறது. தெற்கு மேட்டில் இன்னொரு கல்லறை வாசல் திறந்து காத்திருக்கிறது. நல்ல பெண் செத்தால் இரண்டு கல்லறைகள் சண்டை போடும். அது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த அம்மா இரண்டுமே வேண்டாம், மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் புதிது. அதைத் தீர்க்காமல் இந்தப் பந்தலைப் பிரிக்க முடியாது.

அங்கே வருகிறேன். நேராக வரத் தெரியாது, பொறுத்துக் கொள்ளுங்கள்.

ரகேத்தகா அம்மா ரந்திரியமாருவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த வருடம் நல்ல மழை. ரந்திரியமாரு சாந்தமான மனிதர். அவர் பேசி யாரும் கேட்டதில்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. அவருக்குப் பாகமாக வந்தது மேட்டடி வயல். கறுப்பு மண். காலை வைத்தால் முழங்கால் வரை வாங்கும். அந்த வயல் அரிசியை நான் தின்றிருக்கிறேன். குழம்பே வேண்டாம்.

அவர் சங்கத் தலைவி ஆனது எப்படி? ஓட்டுப் போட்டா? ஓட்டும் போட்டோம், அது பிறகு. முதலில் அவர் மடைப் பலகை மேல் உட்கார்ந்தார். முறை தவறி யாராவது தண்ணீரைத் திருப்பினால், சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக் கொண்டு போய் அந்த மடைப் பலகை மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டுப் புகையிலை போடுவார். எழுந்திருக்க மாட்டார். பலகையைத் தூக்க வேண்டுமென்றால் அவரைத் தூக்க வேண்டும். யார் தூக்குவது? ஒரு வருடம் நம் போதகர், போதகர் கோபித்துக் கொள்ளக் கூடாது, ஜெபக் கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் தம் முறைக்கு முன்பே பலகையைத் தூக்கிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பலகை இறங்கியிருக்கிறது, மேலே அம்மா உட்கார்ந்து கருவாடு தின்று கொண்டிருக்கிறார். “போதகரே, மழை கடவுள் கையில. மடை என் கையில” என்றார். போதகர் இப்போதும் சிரிக்கிறார் பாருங்கள். அடுத்த வருடம் அவர்தான் அம்மா பெயரைத் தலைவி பதவிக்கு முன்மொழிந்தார்.

தண்ணீரைப் பங்கு போட அவரால் முடிந்தது. மணலை என்ன செய்வது?

இப்போது லவாகாவுக்கு, மழை மேட்டை அரித்துத் தோண்டுகிற அந்தப் பள்ளத்துக்கு, வருகிறேன். மடகாஸ்கர் முழுக்க மலைகளில் லவாகா இருக்கிறது, வானத்திலிருந்து பார்த்தால் அம்மை போட்ட உடம்பு மாதிரித் தெரிகிறது என்று பட்டணத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நான் வானத்துக்குப் போனதில்லை. எனக்கு நம் மேட்டில் இருக்கிற ஒரு லவாகா போதும். நான் கல்யாணம் செய்த வருடம் அது ஒரு மாடு படுக்கிற அளவு பள்ளம். மழைக்காலத்தில் அதில் வழுக்கி விழுந்து சிரித்திருக்கிறோம். இன்றைக்கு இந்த ஊர்க் கோயிலை மணிக்கூண்டோடு தூக்கி உள்ளே வைத்தால் சிலுவை வெளியே தெரியாது.

நம் மேட்டு மண் எப்படிப்பட்டது? சோற்றுப் பானையை நினைத்துக் கொள்ளுங்கள். அடியில் பிடித்த காந்தல் கெட்டியாக இருக்கும். நம் மேட்டில் அந்தக் காந்தல் மேலே இருக்கிறது. செம்மண் தோல், வெயிலில் செங்கல் மாதிரி. அதன் கீழே இருப்பது வெறும் மாவு. தோல் கிழியாத வரை ஒன்றுமில்லை. கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், மாவு கரையும், மேலே இருக்கிற தோல் தொங்கும், ஒரு நாள் இடிந்து விழும். இடிந்தது எங்கே போகும்? மேட்டடி வயலுக்குப் போகும். ரந்திரியமாருவின் கறுப்பு வயல்தான் முதலில் மூடியது. ஒரே மழை. காலையில் போய்ப் பார்த்தால் நாற்றின் நுனி கூடத் தெரியவில்லை, சிவப்பு மணல் இடுப்பளவு. ரந்திரியமாரு வரப்பு இருந்த இடத்தில் நின்று கொண்டிருந்தார். அம்மா மண்வெட்டி எடுத்துக் கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் அள்ளினார். பிறகு மண்வெட்டியை மணலில் குத்தி வைத்துவிட்டு, “இதை எங்க கொட்டுறது?” என்று கேட்டார். எங்கே கொட்டுவது என்று இன்றைக்கும் தெரியாது.

வயல் போனவர்கள் என்ன செய்வார்கள்? வயிறு கேட்குமா? மேட்டில் ஏறி மரவள்ளி போட்டோம். முன்பெல்லாம் ஒரு சரிவில் மரவள்ளி போட்டால், பிறகு புல் மண்டி மண் தேறும் வரை அந்தப் பக்கம் போக மாட்டார்கள். இப்போது மண் மூச்சு வாங்குவதற்குள் மறுபடி கொத்துகிறோம். கிழங்கு பென்சில் மாதிரி வருகிறது. கொத்திய மண் அடுத்த மழையில் கீழே வருகிறது. கீழே மணல் மூடியதால் மேலே போனோம். மேலே போனதால் கீழே மணல் மூடியது. இதில் யாரைத் திட்டுவது?

திட்டுவதற்கு ஆள் தேடினோம் என்பது வேறு விஷயம். ஒருவர் ஊரில் பாவம் பெருகிவிட்டது என்றார். குறி சொல்கிறவர், யாரோ பன்றிக்கறியைக் கல்லறை வழியாகத் தூக்கிக் கொண்டு போயிருக்கிறார்கள், முன்னோர்களுக்குக் கோபம் என்றார். எல்லோரும் ஒருவர் சட்டியை ஒருவர் எட்டிப் பார்த்தோம்.

அப்புறம்தான் அந்த அகழி யோசனை வந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்ன மாதிரி இருந்தது. நம் முன்னோர்கள் மலை உச்சியில் ஊர் கட்டினார்கள். பகைவன் வராமல் இருக்க ஊரைச் சுற்றி ஆழமாக அகழி வெட்டினார்கள். பழைய ஊர்களில் இன்னும் அந்த அகழி இருக்கிறது, நடுவில் ஊர்தான் இல்லை. லவாகா பகைவன்தானே? மேலே ஏறிக் கொண்டே வருகிறதே? அதன் தலைமாட்டில் குறுக்காக ஓர் அகழி வெட்டினால் நின்றுவிடும் என்று முடிவு செய்தோம். ஊரே திரண்டது. மாடு வெட்டினோம். கொம்பு வாத்தியம் ஊதினோம். நல்ல நாள் பார்த்து வெட்டினோம், செவ்வாயும் வியாழனும் விட்டுவிட்டு. ரகேத்தகா அம்மாவும் வெட்டினார், ஆண்களோடு நின்று. அழகான அகழி. முன்னோர்கள் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள்.

முதல் பெருமழையில் அகழியில் தண்ணீர் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் கீழே இறங்கியது. காந்தலை நாமே வெட்டித் திறந்து வைத்திருக்கிறோம், தண்ணீருக்கு வேறு என்ன வேலை? மதியம் ஒரு சத்தம் கேட்டது. லாரி கவிழ்ந்தது போல. போய்ப் பார்த்தால் அகழி இல்லை. லவாகா அதை விழுங்கிவிட்டு, அகழி எங்கே போனதோ அந்த வழியிலேயே வலப்பக்கமும் இடப்பக்கமும் கை நீட்டியிருந்தது. அம்மா தம் கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்துக் கொண்டே சொன்னார்: “பகையாளிக்கு மாடு வெட்டி விருந்து வச்சு, வழியும் வெட்டிக் கொடுத்திருக்கோம்.”

அந்த அகழியைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன், ஏனென்றால் அது திரும்ப வரும்.

அதற்குப் பிறகு சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக் கொண்டு அம்மா வெட்டிவேர் வைக்க ஆரம்பித்தார். லவாகாவின் வாயிலும் தலைமாட்டிலும், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக. நாற்று பட்டணத்துத் திட்டக்காரர்கள் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், வந்தார்கள், வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், திட்டம் முடிந்ததும் போனார்கள். வெட்டிவேர் பிடித்தது. ஒரு மழைக்காலம் நன்றாக மண்ணைப் பிடித்து வைத்தது. பிறகு அக்டோபர் வந்தது.

அக்டோபரில் என்ன வரும்? புகை வரும். காய்ந்த புல்லைக் கொளுத்தினால், சாம்பலுக்குள்ளிருந்து பசும்புல் கிளம்பும், மாடு தின்னும். நம் அப்பா வைத்தார், அவர் அப்பா வைத்தார். யார் வைத்தது என்று கேட்டால் யாரும் இல்லை. காய்ந்த சாணி வரட்டியில் ஒரு பொட்டு நெருப்பு வைத்துப் புல்லுக்குள் விட்டுவிட்டு வந்தால், அது கனிந்து கனிந்து மதியம்தான் பிடிக்கும். அந்நேரம் வைத்தவன் சந்தையில் உப்பு வாங்கிக் கொண்டிருப்பான். நம் ஊரில் தீக்கு அப்பன் கிடையாது. தீ வைத்தால் ஒரு மாடு அபராதம் என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டோம். இது வரை ஒரு மாடு கூட வரவில்லை. எரிந்த மேட்டில் முதல் மழை விழும்போது தடுக்க ஒரு புல் கூட இருக்காது. வெட்டிவேர் எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி எரிந்தது.

ரட்சிம்பா இங்கே இருக்கிறான், இடப் பக்கத்துப் பாயில் முன்வரிசையில். அம்மாவின் புருஷனுக்குத் தம்பி. இந்த ஊரில் பெரிய மந்தை அவனுடையது. அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். தலையாட்டினான். ஆகவே சொல்கிறேன்.

மறுபடியும் வெட்டிவேர் எரிந்த மறுநாள் காலையில் அம்மா அவன் மாட்டுப் பட்டிக்குப் போனார். நான் அங்கே சாணி அள்ளப் போயிருந்தேன்.

“தம்பி, நேத்து மேட்டுல தீ” என்றார்.

“பார்த்தேன் அண்ணி. சந்தையில இருந்தே புகை தெரிஞ்சுது.”

“சந்தையில இருந்தியா? நல்லது. ஊரே சந்தையிலதான் இருந்திருக்கு. வரட்டி மட்டும் தனியா மேடேறிப் போயிருக்கு.”

ரட்சிம்பா காளையின் திமிலைத் தடவிக் கொண்டிருந்தான். “அண்ணி, மாடு வெட்டிவேர் தின்னாது. காஞ்ச புல்லும் தின்னாது. நான் என்ன, சோறு பொங்கியா போடுறது?”

“உங்க அண்ணன் வயலு மணலுக்குள்ள கிடக்கு.”

“நான் தீ வச்சேன்னு சொல்லல.”

“நானும் சொல்லல” என்று சொல்லிவிட்டு அம்மா வந்துவிட்டார்.

அவர் ஏன் அதற்கு மேல் பேசவில்லை? நாம் ஏன் பேசவில்லை? நடவுக்கு முன்னால் வயலில் யார் மாடு இறங்கிச் சேறு மிதிக்கிறது? ரட்சிம்பாவின் மந்தை. அது இறங்கவில்லை என்றால் அம்புஹிமேனாவில் யாருக்கும் நடவு இல்லை. மாடு வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். புல்லுக்குத் தீ வேண்டும். தீ வந்தால் மணல் வரும். மணல் வந்தால் மாடு மிதிக்க வயல் இருக்காது. இதை ஒவ்வொருவரும் படுத்துக் கொண்டு யோசித்தோம். எழுந்ததும் அவன் பட்டிக்குப் போய், “எங்க வயலுக்கு எப்ப வருது உங்க மாடு?” என்று கேட்டோம்.

ரந்திரியமாரு செத்துப் போன பிறகும் அம்மா வெட்டிவேர் வைத்துக் கொண்டிருந்தார். லவாகா வாய்க்கும் கீழ்க் கால்வாய்க்கும் நடுவில் இப்போது கொஞ்சம் மேடுதான் மிச்சம். தலைமாட்டில் இன்னும் ஒரு கை நீண்டால் அந்த மணலில் கால்வாய் மூடிவிடும். கால்வாய் மூடினால் அம்புஹிமேனாவும் இல்லை, அந்தனம்பாவும் இல்லை. இரண்டு ஊரும் ஒரே தண்ணீர்தானே குடிக்கிறது.

பிறகு அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. இந்த ஜூலைக் குளிரில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் அண்ணன் ரஜௌனாவுக்கு ஆள் அனுப்பினார். ரட்சிம்பாவையும் கூப்பிட்டார். ஏரி மீன் கொண்டு போன என்னை, “நீயும் உட்காரு, நாளைக்கு இவங்க மாத்திச் சொல்லுவாங்க” என்றார். ஆக நான் சாட்சி. அங்கே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இருவரும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள், தப்பென்றால் நிறுத்தலாம்.

அம்மா முதலில் அண்ணனைப் பார்த்தார். “அண்ணே, நம்ம கல்லறை மேட்டுக்குத் தீ போனதுண்டா?”

“என்ன பேச்சு இது? எவன் வைப்பான்? கை விழுந்துடாது?”

பிறகு இந்தப் பக்கம். “தம்பி, உங்க கல்லறைப் பக்கம் மாடு ஏறுமா?”

“ஏறாது அண்ணி. ஏறினா அந்த மாட்டையே வெட்டணும்.”

“அப்ப என்னை லவாகாவோட தலைமாட்டுல வைங்க.”

வெளியே ஒரு வாத்து கத்திக் கொண்டிருந்தது.

ரஜௌனாதான் முதலில் பேசினார். நமக்குத் தெரியும், தனியாகப் புதைக்கப்படுகிறவன் யார்? திருடன், நாதியற்றவன், பெயர் தெரியாத வழிப்போக்கன். தன் சனத்தோடு ஒரு கல்லறையில் படுக்காதவனை நாம் செத்தவன் என்று கூடச் சொல்வதில்லை, தொலைந்தவன் என்கிறோம். “தங்கச்சி, உன்னை நான் தூக்கி எறியணுமா?” என்று கேட்டார் ரஜௌனா. “எலும்பு திருப்புற திருவிழாவுல எல்லாரையும் வெளிய எடுத்துப் புதுப் பட்டுச் சுத்தி ஆடுவோமே, அன்னைக்கு உன் பேரை யாரு கூப்பிடுவா?”

“கால்வாய் மூடிட்டா பேரு கூப்பிட ஊர்ல யாரு இருப்பா அண்ணே?”

“தனியா கிடப்பியே.”

“எங்க தனியா? கீழ நீங்கல்லாம் நடவு நடுவீங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் கோள் சொல்லிக்கிட்டே நடுவீங்க. கேட்டுக்கிட்டு கிடப்பேன்.”

அம்மா ரட்சிம்பாவைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக் கொண்டுதான் சொன்னார். “உயிரோட இருந்தப்ப வெட்டிவேர் வச்சேன். எரிஞ்சுது. இப்ப என்னையே வைக்கிறேன். எரிஞ்சா எரியட்டும்.”

பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். சோற்றுப் பானைக் காந்தலில் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, காந்தல் போதவில்லை, யார் வைத்தது இந்தப் பானை என்று ரட்சிம்பாவின் மருமகளைத் திட்டினார். கடைசி வரை அவர் அவராகவே இருந்தார்.

நேற்று பகல் முழுக்க இந்தப் பந்தலில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரஜௌனா தம் பட்டுத் துணியை நெஞ்சோடு பிடித்துக் கொண்டு, எங்கள் பெண்ணை நாய் மாதிரி மேட்டில் போட விட மாட்டோம் என்றார். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள், புருஷன் பக்கத்தில்தான் அவளுக்கு இடம் என்றார்கள். சங்கத்துப் பெண்கள் அம்மா சொன்னதைச் சொன்னார்கள். அப்போது ரட்சிம்பா எழுந்து ஒரே ஒரு பேச்சுப் பேசினான்: “அங்க குழி வெட்டினா மறுபடி அகழிக் கதைதான்.” சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். தட்டிக் கழிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தீ வைக்கிறதுக்கு மேடு வேண்டும் அவனுக்கு, அதனால்தான் என்று என் பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார். நான் மறுக்கவில்லை.

இன்று காலை. ரஜௌனா கால்வாய்க் கரையில் முகம் கழுவிக் கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று பல் தேய்த்துக் கொண்டிருந்தேன். ரட்சிம்பாவின் மந்தை வந்தது. அது எப்போதும் எந்த வழியாக வரும்? லவாகாவின் தலைமாடு வழியாக, நேராக மேடேறி. அந்தத் தடம் தேய்ந்து தேய்ந்து ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்காலாகக் கிடக்கிறது. இன்றைக்கு மந்தை அந்த வழியாகப் போகவில்லை. மேட்டைச் சுற்றிக் கொண்டு, யூகலிப்டஸ் தோப்பு ஓரமாக, தூரத்து வழியாகப் போனது. மாடுகளுக்கே பிடிக்கவில்லை, பழைய தடத்தைப் பார்த்துத் தலையைத் தலையைத் திருப்பின. ரட்சிம்பா கம்பால் தடுத்துத் தடுத்துத் திருப்பிக் கொண்டிருந்தான்.

“ஏன்யா சுத்திப் போற?” என்று கேட்டார் ரஜௌனா.

“அண்ணி வீட்டு வாசல்ல மாடு ஓட்ட முடியுமா?”

“இன்னும் வைக்கலையே.”

“வைக்கத்தானே போறோம்.” கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான். “மாமா, குழி மட்டும் வேண்டாம். அந்த மண்ணு தாங்காது. தலைமாட்டுல இருந்து தள்ளி, பாறை தலை காட்டுற இடத்துல, கல்லு மேல கல்லா அடுக்கி வைப்போம். ஒரு மண்வெட்டி படக் கூடாது.”

ரஜௌனா முகத்தைத் துடைத்துக் கொண்டே இருந்தார். முகம் எப்போதோ காய்ந்துவிட்டது. பிறகு சொன்னார்: “எங்க கல்லறையில வாசக்கல்லுக்குச் சோடியா இன்னொரு கல்லு சும்மா கிடக்கு. அதை எடுத்துட்டு வரச் சொல்றேன். அது இருந்தா அவ எங்க வீட்டுலதான் இருக்கான்னு வச்சுக்கலாம்.”

“எங்க பக்கத்துல இருந்தும் ஒண்ணு வரும்” என்றான் ரட்சிம்பா.

அவ்வளவுதான் பேச்சு. மாடு கத்தியது, அவன் போய்விட்டான். நான் வாயைக் கொப்பளித்தேன்.

சபையோரே, ரகேத்தகா அம்மாவைப் புகழ்ந்து இன்னும் பேசலாம். அவர் மடைப் பலகை மேல் உட்கார்ந்ததைப் பேசலாம். தம் வயல் போன பிறகும் மற்றவர் வயலுக்குத் தண்ணீர் பிரித்ததைப் பேசலாம். போதகர் பேசுவார், அவருக்கு வார்த்தை இருக்கிறது. எனக்குச் சங்கம் கொடுத்த வேலை வேறு: இனி என்ன செய்யப் போகிறோம் என்று அவர் காதில் விழும்படி சொல்வது.

ரகேத்தகா அம்மா, கேளுங்கள். உங்கள் மடைப் பலகை மேல் இனி யார் உட்காருவது என்று பெண்கள் பேசிக் கொண்டிருக்கிறார்கள். முடிவாகவில்லை, ஆனால் பலகை காலியாக இருக்காது. எரிந்த இடத்தில் மறுபடி வெட்டிவேர் வைப்போம், மழைக்கு முன்னால். நீங்கள் இருக்கிற மேட்டுக்குத் தீ வராது. தீக்கு அப்பன் இல்லாத ஊரில் இதை எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். வைக்கிறவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் இந்தப் பந்தலில்தான் இருப்பான், உங்கள் பந்திக் கறியைத் தின்பான், உங்கள் கல்லைத் தொடுவான். அதற்குப் பிறகு அந்த வரட்டியை எங்கே கொண்டு போய் வைப்பான்? பார்ப்போம். அக்டோபருக்கு அதிக நாள் இல்லை.

எலும்பு திருப்புகிற திருவிழாவுக்கு இரண்டு ஊரும் இனி ஒரே மேட்டில் ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் யூகலிப்டஸ் தோப்பு வழியாக ஏறுங்கள். மாடு போகாத வழியில் மனிதன் போய்த் தேய்த்துவிடக் கூடாது.

இப்போது இரண்டு பக்கத்தாரும் எழுந்து நடுப் பாய்க்கு வாருங்கள். இரண்டு பட்டும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றப்படும். எது உள்ளே எது வெளியே என்று என்னிடம் கேட்காதீர்கள், அதைக் கறி சாப்பிட்ட பிறகு சண்டை போட்டுக் கொள்ளலாம்.

நாளை செவ்வாய். வயலில் இறங்கக் கூடாத நாள். கல் தூக்கக் கூடாது என்று எந்த முன்னோரும் சொன்னதில்லை, ரஜௌனாவிடம் கேட்டுவிட்டேன். ஆகவே யாருக்கும் வேறு வேலை இருக்க முடியாது. ஆளுக்கொரு கல். பெரிய கல் பெரியவர்களுக்கு, சின்னக் கல் என்னைப் போன்றவர்களுக்கு. ஊர்த் தலைவர் தம் வண்டியையும் மாட்டையும் தருவதாகப் பெரிய மனதோடு சொன்னார், அவருக்கு நன்றி. வண்டி வேண்டாம், தலைவரே. வண்டித் தடத்தில்தான் அடுத்த லவாகா பிறக்கும்.

கையில் தூக்கி வருவோம்.